முதலில் பிரேக், கடைசியில் பெயின்ட்

பழைய வண்டி ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தொடுவது அதன் உடம்பைத்தான். கதவைக் கழற்றுவார்கள், தகரத்தைச் சுரண்டுவார்கள், என்ன நிறம் அடிக்கலாம் என்று யோசிப்பார்கள். சில மாதங்களில் வண்டி துண்டு துண்டாக அட்டைப் பெட்டிகளுக்குள் போய்விடும். அப்படிப் போன வண்டிகளில் பல, ஓடும் நிலைக்குத் திரும்புவதே இல்லை. அரைகுறையாகப் பிரித்த நிலையிலேயே அடுத்தவர் கைக்கு மாறுகின்றன. என்னிடம் இருக்கும் மோரிஸ் மைனர் என்ற பிரிட்டிஷ் கார் அப்படித்தான் என்னிடம் வந்தது. பாதி வண்டியாக, பாதி பெட்டிகளாக.

நான் வேறு வரிசையில் வேலை செய்கிறேன். வண்டி முதலில் நிற்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், அழகு அதற்கு அப்புறம். ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டிக்கு உண்மையில் என்ன தேவை என்று யாராலும் சொல்ல முடியாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவை இரண்டு வண்டிகள். ஒன்று, 1950களில் வந்த அந்த மைனர். இன்னொன்று, 1946ஆம் ஆண்டின் ஒன்றரை டன் செவர்லே லாரி. கார் கிடைத்தபோது எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். லாரி வந்த பிறகுதான் பழைய இயந்திரம் என்றால் என்னவென்று உடம்பால் புரிந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லா உறுப்புகளும் இருக்கிற துருப்பிடித்த வண்டி, பாதி உறுப்புகள் காணாமல்போன பளபளப்பான வண்டியைவிட எப்போதும் மேல். பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் போன்றவற்றை எப்படியாவது தேடிப் பிடித்துவிடலாம், லேத்தில் செய்தும் வாங்கலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு மட்டுமே வந்த கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம், டாஷ்போர்டு மீட்டர் இவைதான் வருடக்கணக்கில் அலைய வைக்கும். துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவுகள், படிக்குக் கீழே உள்ள பெட்டி இங்கெல்லாம் காந்தம் ஒட்டாவிட்டால் பெயின்டுக்கு அடியில் இருப்பது புட்டி, தகரம் இல்லை. மைனர் போன்ற வண்டிகளுக்குத் தனி சேசிஸ் கிடையாது. அடித்தகரமே எலும்பு. அது அரித்திருந்தால் வேலை பல மடங்காகும். லாரிக்குத் தனி சேசிஸ் உண்டு என்பதால் அந்தக் கவலை குறைவு.

நெடுங்காலம் நின்ற என்ஜின் சுற்றாமல் இறுகிப்போயிருக்கலாம். அதற்காக உடனே பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட ரிங் உடையும், வால்வு ஒன்று சிக்கியிருந்தால் தள்ளு கம்பி வளையும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஊற்றிவிட்டு விட்டுவிட வேண்டும். நெருப்பை அருகில் அண்ட விடக்கூடாது. தினமும் கையால் முன்னும் பின்னுமாக லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். என் லாரி என்ஜின் பல நாள் மரக்கட்டை மாதிரி இருந்துவிட்டு, ஒரு காலையில் மயிரிழை அளவு நகர்ந்தது. அந்த மயிரிழை வந்துவிட்டால் மீதியும் வரும். அதன்பிறகும் பிளக்குகள் இல்லாமலேயே பல சுற்று சுற்றி, உள்ளே ஊற்றியதை வெளியேற்றி, ஆயிலை மாற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய முயல வேண்டும்.

ஹாண்டில் போட்டுச் சுற்றும் வண்டியாக இருந்தால் ஒரு விஷயத்தைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக இருக்க வேண்டும், கம்பியைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும். ஸ்டீயரிங்கில் இக்னிஷன் நெம்புகோல் இருந்தால் அதைத் தீப்பொறி தாமதமாக வரும் நிலையில் வைத்திருக்க வேண்டும். என்ஜின் எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார செல்ஃப் வந்தபோது மக்கள் அதை அப்படி வரவேற்றதற்கு இந்த உதையும் ஒரு காரணம்.

இனி பிரேக். இதற்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்கிறேன், நீங்களும் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக் பிரேக்தான். மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், அதிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த் தொடர். எங்காவது ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு பிரேக்கும் ஒரே நொடியில் போகும். இன்றைய கார்களில் ஒரு சுற்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். பழைய வண்டிகளில் மிஞ்சுவது கை பிரேக் மட்டும். அதனால் பழைய ஹோஸ் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ரப்பர் ஹோஸ் உள்பக்கமாக வீங்கி, ஒருவழி வால்வு மாதிரி வேலை செய்வதும் உண்டு. மிதியை விட்ட பிறகும் ஒரு சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

என் மைனரில் வேறொரு சிக்கல் இருந்தது. முன்பு யாரோ பிரேக் டப்பாவில் பிரேக் ஆயிலுக்குப் பதிலாகச் சாதாரண எண்ணெயை ஊற்றியிருந்தார்கள். மினரல் ஆயில் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிப்போகும். மூடியின் அடியில் இருக்கும் வாஷர் கொழகொழவென்று வீங்கியிருந்ததைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. அந்த நிலையில் சுத்தம் செய்து சமாளிக்க முடியாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹோஸ்கள் என எண்ணெய் பட்ட ரப்பர் அத்தனையும் புதிது போட்டு, இரும்புக் குழாய்களை மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டால் கழுவித்தான் தீர வேண்டியிருந்தது. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. தரை விரிப்பை எடுத்து, மூடியைத் திறந்து, அந்த இடுக்கில் கை விட்டுத்தான் வேலை. அந்த இடத்தின் சிரமத்தால் அதைத் திறந்து பார்க்காமலேயே பல வண்டிகள் ஓடுகின்றன. நீங்கள் வாங்கும் வண்டியில் திறந்து பாருங்கள்.

பிரேக் ஆயிலைப் பற்றி இன்னும் ஒன்று. வழக்கமான டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும், சிலிண்டருக்குள் துருவும் பிடிக்கும். ஆண்டில் பெரும்பகுதி நிற்கும் வண்டிக்கு இது இரட்டை ஆபத்து. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். அது பெயின்டையும் தின்னும், சொட்டினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பழைய பிரேக் ஷூக்களின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து ஊதக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறியுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

பிரேக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது முன்சக்கரம் தொங்கும் இடம். மைனரின் முன்பக்கத்தில் மரை வெட்டிய ட்ரனியன் என்ற உறுப்பு இருக்கிறது. கிரீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால், ஒருநாள் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி மூக்கு குப்புற உட்காரும். இந்த மாடலை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. மருந்தும் எளிது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை புது கிரீஸ் அடிக்க வேண்டும். லாரியில் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கும் கமான் பட்டையின் பின்களுக்கும் இதே கதைதான். இந்த வண்டிகளுக்கு கிரீஸ் துப்பாக்கி ஒரு மாதாந்திர வேலை.

பெட்ரோல் தொட்டியை வெளியே எடுத்துக் கழுவாமல் என்ஜினை ஓட்டக்கூடாது. கோந்து மாதிரி உறைந்த பழைய பெட்ரோலும் துருத்தூளும் கார்புரேட்டருக்குள் போனால் அடைப்பைத் தேடியே நாள் போகும். இன்றைய பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் இன்னொரு பிரச்சினை. அந்தக் காலத்து ரப்பர் குழாய், கார்க் கேஸ்கெட், மிதவைக்குப் பூசிய அரக்கு எல்லாவற்றையும் அது இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். என்ஜின் மேல் பெட்ரோல் கசிவு என்பது தீ. பேட்டரியைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் ஒன்றும் இல்லாமல் நான் எந்தப் பழைய வண்டியையும் வெளியே எடுப்பதில்லை.

ஈயம் இல்லாத பெட்ரோலைப் பற்றிப் பலர் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். பெட்ரோலில் ஈயம் கலப்பது 1923இல் தொடங்கியது. அல்ஜீரியா 2021இல் நிறுத்தியதோடு சாலை வண்டிகளுக்கு அது உலகெங்கும் முடிந்தது. ஈயம், வெளியேற்று வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெல்லிய காப்பாக இருந்தது உண்மை. ஆனால் அந்த இடம் தேய்வது பெரும்பாலும் நீண்ட நேரம் அதிவேகத்தில் விரட்டும்போதுதான். நிதானமாக ஓட்டுபவர், வால்வு இடைவெளியை அவ்வப்போது அளந்து வந்தால் போதும். இடைவெளி தொடர்ந்து குறைந்துகொண்டே போனால் தேய்மானம் நடக்கிறது என்று அர்த்தம். அடுத்தமுறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வளையங்களைப் பதித்துவிடலாம்.

மின்சாரத்தில் லாரி எனக்கு நல்ல பாடம் சொன்னது. அது 6 வோல்ட் வண்டி. செல்ஃப் அடித்தால் சோம்பலாக முனகும், விளக்கு மஞ்சளாக அழும். "பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாத்திடுங்க" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கோளாறு வோல்ட்டில் இல்லை. 45 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 3.75 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர். மின்னோட்டம் இரு மடங்கு, அதனால் வயரும் அந்த அளவுக்குத் தடிப்பாக வேண்டும். யாரோ 12 வோல்ட் வண்டியின் மெல்லிய பேட்டரிக் கேபிளைப் போட்டிருந்தார்கள். தடித்த கேபிள் போட்டு, எர்த் சேரும் இடங்களை உலோகம் தெரியும்வரை சுரண்டி இறுக்கியதும் செல்ஃப் உற்சாகமாகச் சுற்றியது. வயரிங்கில் எந்தக் கோளாறு வந்தாலும் எர்த்திலிருந்து தேடத் தொடங்குங்கள். மைனரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு சேரும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டிவிடாமல் இருக்க பேட்டரி மேலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் முடிந்தால் வண்டி ஓடத் தயார். பெயின்ட் உரிந்து கிடக்கட்டும், இருக்கை கிழிந்திருக்கட்டும், சட்டப்படி தேவையான காகிதங்கள் கையில் இருந்தால் சாலைக்கு எடுத்துப்போங்கள். முதலில் அருகிலேயே, பிறகு சற்றுத் தள்ளி. ஓட்ட ஓட்டத்தான் உண்மைகள் வெளியே வரும். மைனர் வீட்டு வாசலில் மணிக்கணக்கில் அருமையாக ஓடியது. சாலையில் நன்றாகச் சூடானதும் இருமி நின்றது. ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. பெட்ரோல் குழாய்க்குள் ஆவி அடைத்தாலும் இப்படித்தான் நடக்கும், தீப்பொறிச் சுற்றில் இருக்கும் சிறு மின் உறுப்பான கண்டன்சர் போனாலும் இப்படித்தான் நடக்கும். நின்ற உடனே, ஆறுவதற்குள், பிளக் வயரில் தீப்பொறி வருகிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். தீப்பொறி இல்லை. கண்டன்சர்தான். சூட்டில் மட்டும் கைவிடுவது அதன் குணம். புதிது என்று வாங்குவனவற்றிலும் தரம் குறைந்தவை நிறைய, அதனால் நன்றாக ஓடும்போதே ஒன்றைச் சோதித்துப் பார்த்து உபரியாக வைத்துக்கொள்வது நல்லது.

லாரி ஓட்டுவது தனி வித்தை. அதன் கியர் பெட்டியில் சிங்க்ரோமெஷ் கிடையாது. கார்களில் அந்த வசதியைக் காடிலாக் 1928இலேயே கொண்டுவந்துவிட்டாலும் லாரிகளுக்கு அது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. அது இல்லாதபோது, சேர வேண்டிய இரண்டு பல்சக்கரங்களின் வேகத்தையும் ஓட்டுபவர்தான் ஒன்றாக்க வேண்டும். மேல் கியருக்குப் போக, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, என்ஜின் வேகம் இறங்கக் காத்திருந்து, மறுபடி மிதித்து அடுத்த கியரில் போட வேண்டும். கீழ் கியருக்கு இறங்கும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டதும் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி என்ஜின் வேகத்தை ஏற்ற வேண்டும். படிக்கும்போது நீளமாகத் தெரியும், பழகினால் ஒரே மூச்சில் நடக்கும்.

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் இளம்வயதில் இப்படிப்பட்ட லாரிகளை ஓட்டிய பெரியவர் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து கியர் கம்பியைப் பார்க்கவே மாட்டார், வெளியே பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். "அவசரப்படாதீங்க தம்பி. கம்பிய அமுக்காதீங்க. சத்தம் இறங்கட்டும், அது தானா உள்ள போகும்." அவர் சொன்னது அப்படியே உண்மை. சரியான நொடியில் இரண்டு விரலால் தள்ளினால் கியர் விழும். தவறான நொடியில் இரண்டு கையால் இழுத்தாலும் கரகரக்கும். இறக்கத்தைப் பற்றியும் அவர் கண்டிப்பாக இருந்தார். ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். நடுவழியில் நியூட்ரலுக்கு வந்து, அடுத்த கியர் விழாமல் போனால், சூட்டில் பிடிமானம் இழக்கும் டிரம் பிரேக்கை மட்டும் நம்பி அத்தனை எடையும் கீழே போய்க்கொண்டிருக்கும்.

இந்த என்ஜினை விரட்டவும் கூடாது. 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர். கனெக்டிங் ராடு பேரிங்குகள் வெள்ளை உலோகத்தில் வார்த்தவை. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி ஆயிலை அள்ளித்தான் அவை நனைகின்றன. ஓடும்போது ஆயில் அழுத்தம் சுமார் 14 பவுண்டு காட்டும். நவீன என்ஜின்களுக்குப் பழகிய கண்ணுக்கு அது பயமாகத் தெரியும், இதற்கு அதுதான் இயல்பு. இதற்கு ஏற்ற வேகத்தில் ஓட்டினால் நாள் முழுக்க ஓடும்.

லாரி டயரைத் தயவுசெய்து நீங்களே கழற்றாதீர்கள். பழைய லாரி ரிம்களில் டயரைப் பிடித்துக்கொண்டிருப்பது ஓரத்தில் உட்காரும் ஒரு பூட்டு வளையம். அது துருப்பிடித்தோ, சரியாகப் பொருந்தாமலோ இருந்தால், காற்றடிக்கும்போது குண்டு மாதிரி பறக்கும். ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இரும்புக் கூண்டும், தள்ளி நின்று காற்றடிக்க நீண்ட ஹோஸும் உள்ள, இந்த வகை ரிம்மைத் தெரிந்த இடத்தில் மட்டும் கொடுங்கள். பல பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு எதிர்மரை இருக்கும். அது தெரியாமல் நீளமான குழாயைப் போட்டுத் திருப்பி, நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டை முறிப்பது அடிக்கடி நடக்கிறது. ஸ்டட்டின் நுனியில் எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் புதியதெல்லாம் நல்லது என்று போகக்கூடாது. ஜிஎல்-5 கியர் ஆயிலில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளை, வெண்கல உறுப்புகளை அரிக்கக்கூடும், அதனால் அவை இருக்கும் கியர் பெட்டிக்கு ஜிஎல்-4. என்ஜினுக்குத் துத்தநாகச் சேர்மம் போதிய அளவில் உள்ள ஆயில், கேம்ஷாஃப்டையும் டேப்பெட்டையும் காக்க.

பெயின்ட்? இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு வண்டியின் உடம்பில் எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகியிருக்கும். கதவுகள் இறங்காமல் மூடுகிறதா, எந்தப் பற்றவைப்பு விரிசல் விடுகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது என்று எல்லாவற்றையும் சாலை சொன்ன பிறகு செய்கிற தகர வேலை நிற்கும். சிறு உறுப்புகளின் துருவுக்கு நான் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சுகிறேன். துருப்பிடித்த உறுப்பு நெகட்டிவில், பழைய இரும்புத் தகடு பாசிட்டிவில். எவர்சில்வர் தகடு மட்டும் வேண்டாம், நச்சான குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

லாரியின் கதவில் அது வேலை செய்த காலத்து எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன. அந்தக் கதவுகளுக்கு நான் பெயின்ட் அடிக்கவில்லை, அடிக்கப்போவதும் இல்லை. பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 1966இல் தொடங்கப்பட்டது. அதன் டுரின் சாசனமும் முடிந்தவரை பாதுகாக்கவும், குறைவாகத் தலையிடவும், செய்த மாற்றங்களைப் பதிவு செய்யவும் சொல்கிறது. ஒவ்வொரு உறுப்பையும் கழற்றும் முன் படம் எடுத்து, மாற்றியதை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அடுத்து வைத்திருக்கப்போகிறவருக்கு அந்த நோட்டு இந்த வண்டியின் பாதி.

நிறுத்தி வைக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விடுவதைவிடத் தொடாமல் இருப்பதே நல்லது. குறைந்த சூட்டில் ஆயிலுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் தண்ணீர் சேரும், அவ்வளவுதான் நடக்கும். எடுத்தால் அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். நிறுத்தும்போது கை பிரேக்கை இழுத்து வைக்காமல் சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள், இல்லையென்றால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

நீண்ட பயணத்துக்கு என் பெட்டியில் இருப்பவை: சோதித்த கண்டன்சர், பாயின்ட் செட், ரோட்டர், இரண்டு பிளக், ஃபேன் பெல்ட், பெட்ரோல் ஹோஸ் ஒரு முழம், கிளிப்புகள், பிரேக் ஆயில், தண்ணீர், கம்பிச் சுருள், சோதனை விளக்கு. ஸ்பேனர்களில் கவனம் வேண்டும். அமெரிக்க வண்டிக்கும் பிரிட்டிஷ் வண்டிக்கும் அளவுகள் வேறு, பிரிட்டிஷ் வண்டிகளிலேயே விட்வொர்த் மரை உள்ளவையும் அது இல்லாதவையும் உண்டு. பொருந்தாத ஸ்பேனர் நட்டின் முனைகளை உருட்டிவிடும். கிளம்பும் முந்தைய நாள் சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்த்து, பிரேக் டப்பாவின் அளவைக் குறித்துக்கொண்டு, காலையில் மறுபடி பார்ப்பேன். அளவு ஒரு நூல் இறங்கியிருந்தாலும் அன்றைக்குப் பயணம் இல்லை. கசிவைத் தேடுகிற வேலைதான்.